பெட்ரோலில் எத்தனால்: நாம் கேட்கும் கேள்வியும் கேட்காத கேள்வியும்

"சாராயம் கலந்த பெட்ரோலை வண்டியில் ஊற்றலாமா? ஊற்றும்போது உடையில் பட்டுவிட்டால் அந்த உடையோடு தொழலாமா?" இவ்விரு வினாக்களும் நம் ஜமாஅத்துகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றி வருகின்றன. ஒருவர் கேட்கிறார், மற்றொருவர் எங்கிருந்தோ வந்த குரல்பதிவை அனுப்புகிறார், மூன்றாமவர் அதை மறுக்கிறார், இஷாவுக்குப் பின் தொடங்கிய விவாதம் நள்ளிரவையும் தாண்டுகிறது. மார்க்கத்தில் பேணுதல் உடையவர்களே இப்படிக் கேட்பார்கள். ஆதலால் கேட்பவரை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் எத்தனால் நம் உடையில் படுமோ என்று இத்துணை அஞ்சும் நாம், அந்த ஐந்தில் ஒரு பங்கு என்ன விலைக்கு, எதைச் சொல்லி, எதைச் சொல்லாமல், யாருடைய தானியத்திலிருந்து எடுத்து நமக்கு விற்கப்படுகிறது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. முதல் கேள்விக்குரிய விடை ஃபிக்ஹு நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. கேட்கப்படாத இரண்டாவது கேள்வியே இன்று நம் முன் நிற்கிறது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் முயற்சி 2001-இல் சோதனையாகத் தொடங்கி, 2003-இல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலவையாக நடைமுறைக்கு வந்தது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் 20 சதவீதக் கலவையான இ-20 எரிபொருளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030-க்கென வைத்திருந்த இலக்கை முன்னதாக நகர்த்தி, 2025-இலேயே நாடெங்கும் 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. இன்று சாதாரணப் பெட்ரோல் பங்க்கில் "பெட்ரோல்" என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது இக்கலவையே.

இதில் கலப்பது மதுவில் இருக்கும் ஆல்கஹால் அன்று, "வேறு கெமிக்கல்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அது தவறான தகவல். டாஸ்மாக் பாட்டிலில் போதையூட்டும் எத்தனாலும் இதுவும் வேதியியலில் ஒரே பொருள்தான். எரிபொருளுக்கு வருவதில் நீர் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கும். பெட்ரோலுடன் கலந்தபின் அதைக் குடிப்பவன் மயங்கமாட்டான், மாண்டுபோவான். அவ்வளவே வேறுபாடு. பொய்யான சமாதானத்தைக் கொண்டு மார்க்கச் சட்டத்தை எளிதாக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. உண்மையை வைத்தே அதை எளிதாக விளக்க முடியும்.

கூடாது என்போரின் வாதம் இலேசானதன்று. மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் சபித்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர், அதன் கிரயத்தை உண்பவர் எனக் குடிப்பவரைத் தாண்டியும் அப்பட்டியல் நீள்கிறது. 2009-ஆம் ஆண்டு சவூதி அரேபிய அறிஞர் ஒருவர் இதனை ஆதாரமாகக் காட்டி, மேலைநாடுகளில் படிக்கும் மாணவர்கள் எத்தனால் கலந்த எரிபொருளைத் தவிர்க்கவேண்டும் என்று எச்சரித்த செய்தி பரவலாக வெளிவந்தது. அவரே அதைத் தம் தனிப்பட்ட கருத்து என்றும், ஃபத்வா அன்று என்றும் சொல்லியிருந்தார். இங்கு பரவும் குரல்பதிவுகளில் அந்த இரண்டாவது வரி மட்டும் எப்போதும் காணாமல் போய்விடுகிறது!

மக்கா வெற்றியின்போது மது, செத்த பிராணி, பன்றி, சிலைகள் ஆகியவற்றின் விற்பனையை நபியவர்கள் தடுத்தார்கள். அப்போது செத்த பிராணியின் கொழுப்பைப் பற்றித் தோழர்கள் வினவினார்கள்: அதைப் படகுகளுக்குப் பூசுகிறார்கள், தோல்களுக்குத் தடவுகிறார்கள், விளக்கெரிக்கிறார்கள், அதன் நிலை என்ன? அதுவும் ஹராம் என்றே விடை வந்தது. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. விளக்கெரிக்கும் கொழுப்பென்பது அந்தக் காலத்து எரிபொருள். ஆகவே நம் கேள்விக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறில்லை. அந்த விடையை அறிஞர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? பெரும்பான்மையோர் பயன்பாட்டையே அது தடுப்பதாகக் கொண்டார்கள். காயல்பட்டினமும் கீழக்கரையும் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்களோ, ஹராம் என்றது விற்பனையையே. விளக்கெரிப்பதும் படகுக்குப் பூசுவதும் தடையில்லை என்று கொண்டார்கள். இமாம் நவவீ தம் முஸ்லிம் விரிவுரையில் இதை விளக்குகிறார்கள். நஜீஸ் விழுந்த எண்ணெயின் நிலையையும் அவர்கள் அங்கேயே பேசுகிறார்கள். அத்தகைய எண்ணெயை விற்பதற்கு இமாம் அபூஹனீஃபாவும் அவர்களின் தோழர்களும் லைஸ் இப்னு ஸஅதும் அனுமதி அளித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: அதில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த நிபந்தனையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் இதனிடம் வருவோம்.

இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்கலாம். மது நஜீஸ் என்பது நான்கு மத்ஹபுகளின் பிரபலமான நிலை. ஆயினும் மாலிக் இமாமின் ஆசிரியர் ரபீஆ, மேற்சொன்ன லைஸ், ஷாஃபிஈ இமாமின் மாணவர் முஸனீ போன்றோர் அது குடிக்கத்தான் ஹராம், பொருளளவில் நஜீஸ் அன்று என்றார்கள். இரண்டாவதாக, திராட்சையிலிருந்து எடுக்கப்படும் மதுவுக்குரிய கடுமையான சட்டத்தைத் தானியம், கரும்பு போன்றவற்றிலிருந்து பெறப்படுவதற்கு அப்படியே நீட்டாத போக்கு ஹனஃபீ மத்ஹபின் மூல நூல்களில் உண்டு. இதை வைத்தே மருந்திலும் நறுமணத்திலும் சேரும் ஆல்கஹாலுக்கு முஃப்தி தகீ உஸ்மானீ போன்ற இக்கால அறிஞர்கள் சலுகை காட்டுகிறார்கள். போதை தருவதைக் குடிப்பது, அது எதிலிருந்து வந்தாலும், துளியளவாயினும் ஹராம் என்பதில் இவர்களில் எவருக்கும் ஐயமில்லை. இங்கே யாரும் குடிக்கவில்லை. குடிக்கும் எண்ணத்தோடு எவரும் அதைச் செய்யவுமில்லை. பத்துப் பேர் பற்றிய ஹதீஸின் பட்டியல் ஒருவன் வாயில் போய்ச் சேரும் மதுவைச் சுற்றி அமைந்தது; என்ஜினின் சிலிண்டருக்குள் எரிந்துபோகும் திரவத்தை அதற்குள் இழுத்து வருவதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

எனவே பங்க்கில் உடையில் ஒரு துளி பட்டவர் பேணுதலுக்காகக் கழுவிக்கொள்ளட்டும், நல்லதுதான். கழுவாதவரின் தொழுகையைப் பாழென்று தீர்ப்புச் சொல்லும் உரிமை குரல்பதிவு அனுப்புபவருக்கு இல்லை. மேலும், இதில் நமக்கு வேறு வழியும் விட்டுவைக்கப்படவில்லை. தவிர்க்க இயலாதவாறு எல்லோரையும் சூழ்ந்துகொள்ளும் ஒன்றில் மார்க்கம் நெருக்கடி செய்வதில்லை. இதை அறிஞர்கள் உமூமுல் பல்வா என்பார்கள். சந்தையில் எத்தனால் இல்லாத சாதாரணப் பெட்ரோல் கிடைத்து, அதை விட்டு நாம் இதை வாங்கினால் பேச்சே வேறு. அப்படியொன்று கண்ணில் படுவதே இல்லை.

இந்த இடத்தில்தான் நம் ஆலிம்களும் எழுத்தாளர்களும் நிறுத்திவிடுகிறார்கள். "வேறு வழியில்லை, ஆகவே கூடும்." சரி, ஏன் வேறு வழியில்லை? யார் அந்த வழியை அடைத்தது? இதை ஒருவரும் கேட்பதில்லை. நம் குற்றத்தை நீக்கும் அதே காரணம் வேறொருவரின் குற்றத்தைக் காட்டுகிறதே, அது நம் கண்ணில் படவேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது; ஒரு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ 21. ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால், கலப்பற்ற பெட்ரோலில் 100 இருந்த இடத்தில் 93 அளவே மிஞ்சும். இது எந்த அரசியல் கட்சியின் கணக்குமன்று, பள்ளிக்கூட வேதியியல். எத்தனாலின் ஆக்டேன் எண் உயர்ந்தது என்பது உண்மை. அதற்கெனவே அழுத்த விகிதம் கூட்டி வடிவமைத்த என்ஜின் இந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும். நம் தெருவில் ஓடும் எட்டாண்டு, பத்தாண்டு வயதான பைக்கின் என்ஜின் மீட்டுக்கொள்ளாது.

நிதி ஆயோக்கும் பெட்ரோலிய அமைச்சகமும் இணைந்து 2021-இல் வெளியிட்ட எத்தனால் வழித்திட்ட அறிக்கை இதை ஒளிக்கவில்லை. பழைய வடிவமைப்புள்ள கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும், புதிய கலவைக்கேற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று அதில் எழுதப்பட்டுள்ளது. அதோடு நிற்காமல், இந்த இழப்பை ஈடுசெய்ய எத்தனால் கலந்த எரிபொருளின் விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவை தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது. இரண்டும் நடக்கவில்லை. கலவை மாறியது, விலை மாறவில்லை, பழைய கலவை பங்க்கிலிருந்து மறைந்தது.

உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் ஓர் இளைஞன் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுகிறான் என்று கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் 26 நாளில் 52 லிட்டர் தேவை. 4 சதவீதம் குறைந்தால் கூடுதலாக இரண்டு லிட்டர். இன்றைய விலையில் இருநூறு ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு இரண்டாயிரத்து நானூறு. காரில் செல்லும் நமக்கு இது தூசி. அவனுக்கு அது பிள்ளையின் பள்ளிச் செலவில் ஒரு பகுதி. இதில் பழுது செலவைச் சேர்க்கவில்லை. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய வண்டிகளின் சில வகை ரப்பர் குழாய்களையும் வளையங்களையும் உப்பச் செய்யும். கார்ப்பரேட்டர் உள்ள வண்டியில் எரிபொருளும் காற்றும் சேரும் விகிதத்தை மாற்றும். வளைகுடா செல்லும் நம் சகோதரர்கள் வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு ஓராண்டு, ஈராண்டு கழித்து வருகிறார்கள். அவ்வாறு நிற்கும் வண்டியின் டாங்கியில் புகும் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். அளவு மிகும்போது எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். புறப்படுமுன் டாங்கியையும் கார்ப்பரேட்டரையும் காலிசெய்துவிட்டுப் போவது நன்று. இதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

இனி மதீனாவின் கடைத்தெருவுக்கு வருவோம். தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபியவர்கள் அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் இதில் கவனிக்கவேண்டிய ஒன்று வழக்கமாக விடுபட்டுப் போகிறது. அந்த வியாபாரி தானே தண்ணீர் ஊற்றவில்லை. மழை நனைத்தது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்றும் அங்கே சொல்லப்படவில்லை. மேலே வைத்திருந்தால் வாங்குபவன் கண்டு, விரும்பினால் வாங்குவான், விரும்பாவிட்டால் போவான், விலையைக் குறைத்துக் கேட்பான். மறைத்ததே குற்றமாயிற்று.

பெட்ரோலில் லிட்டர் லிட்டராகவே இருக்கிறது. ஆதலால் இதை அளவுக் குறைப்பு என்று நேரடியாகச் சொல்லமாட்டேன். குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவில் குறைப்போரின் பெயராலேயே தொடங்குகிறது என்பதற்காக அதை இங்கே அவசரமாகப் பொருத்துவோரும் இருக்கிறார்கள், அது மிகை. இது ஈரத் தானியத்தின் இனம். குறைந்த ஆற்றலுள்ள பொருள், அதே பெயரில், அதே விலையில், வேறு தேர்வின்றி விற்கப்படுகிறது. எத்தனை பங்க்குகளில் "இதில் 20 சதவீதம் வரை எத்தனால் உள்ளது" என்று வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே தமிழில் எழுதியிருக்கிறார்கள்? நஜீஸ் எண்ணெயைக்கூடச் சொல்லி விற்றால் கூடும் என்று அபூஹனீஃபா இமாம் சொன்ன அந்த நிபந்தனை இங்கே எங்கே போயிற்று?

அரசு தரப்பில் விடை இல்லாமல் இல்லை. அதை நேர்மையாக எடுத்துவைக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் அமைச்சகம் விரிவாகவே பதில் தந்தது. மைலேஜ் இழப்பு பெரிதுபடுத்தப்படுகிறது என்றது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைந்து 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சமானது என்றது. விவசாயிகளுக்குப் பெருந்தொகை சென்றது என்றது. விலையைக் குறைக்காததற்கும் காரணம் சொன்னது: 2021-இல் எத்தனால் மலிவாக இருந்தது, இப்போது லிட்டருக்குச் சராசரியாக 71 ரூபாய்க்கு மேல் கொள்முதல் விலை வந்துவிட்டது, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அது கூடுதல்.

இவை பொய்யென்று நான் சொல்லவில்லை. கரும்பு ஆலைகளிடம் ஆண்டுக்கணக்கில் நிலுவைத் தொகைக்காகக் காத்துக்கிடந்த விவசாயிக்குப் பணம் விரைவாக வந்தது நன்மையே. எண்ணெய்க்காக அயல்நாட்டை அண்டி நிற்பது குறைவதும் நன்மையே. நன்மை நாட்டுக்கு, அதன் செலவு யாருக்கு? பொது நலத்துக்கான செலவு பைத்துல்மாலிலிருந்து போகவேண்டும் என்பதே நம் மரபில் இருக்கும் முறை. இங்கே அது வண்டியோட்டியின் சட்டைப்பையிலிருந்து, அவனுக்குத் தெரியாமலே, ஒவ்வொரு லிட்டரிலும் எடுக்கப்படுகிறது. விற்பவனுக்கு அடக்க விலை கூடிவிட்டது என்பது வாங்குபவனிடம் உண்மையைச் சொல்லாததற்குக் காரணமாகுமா? அந்த மதீனத்து வியாபாரிக்கும் மழையால் நட்டம்தானே!

கலப்பற்ற பெட்ரோலும் கிடைக்கச் செய்யவேண்டும், எத்தனால் அளவைப் பங்க்கில் தெளிவாக அறிவிக்கவேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. மனுதாரருக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் அங்கே வாதிட்டார். இருக்கட்டும். கேட்டவரின் பின்னால் யார் இருந்தாலும், கேட்டது பழைய வண்டி வைத்திருப்பவன் மனத்தில் உள்ளதைத்தான். நீதிமன்றம் மறுத்துவிட்டதால் கேள்வி செத்துவிடாது.

பிற நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவைக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக 5 சதவீதக் கலவையை உயர்ரகப் பெட்ரோலில் தொடர்ந்து வைத்திருந்தது. உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ள இணையதளமும் அமைத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 முதல் குழாயிலேயே வட்டத்துக்குள் இ-5, இ-10 என்று அடையாளம் ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலவைக் குழாயில் எந்த வண்டிக்கு ஊற்றக்கூடாது என்பதைச் சொல்லும் எச்சரிக்கை ஒட்டப்படுகிறது. பிரேசிலை எடுத்துக்காட்டுவது நம் அமைச்சர்களின் வழக்கம். அங்கே 1975 முதல் இத்திட்டம் இருக்கிறது. பெட்ரோலில் கட்டாயக் கலவை 2025 ஆகஸ்டில் 30 சதவீதமாயிற்று என்பதும் மெய். ஆனால் அங்குள்ள பங்க்கில் எத்தனால் தனிக் குழாயில், தனி விலையில் நிற்கிறது. பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் எத்தனால் கிடைத்தால் அதை ஊற்றுவான். இல்லையேல் பெட்ரோலை ஊற்றுவான். எத்தனாலில் ஆற்றல் குறைவென்பது அங்கே ஊரறிந்த கணக்கு. பிரேசிலின் சதவீதத்தை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, பிரேசில் வாடிக்கையாளனின் உரிமையை அங்கேயே விட்டுவந்தது என்ன நியாயம்?

மற்றொன்று தானியம். எத்தனால் என்றால் கரும்பாலைக் கழிவுப்பாகு என்றே பலர் எண்ணுகிறார்கள். 2024-25 ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட எத்தனால் தானியத்திலிருந்து வந்தது. அதில் மக்காச்சோளம் முதலிடம். அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-இல் அதை இறக்குமதி செய்யத் தொடங்கியது. நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் தீவன விலையைச் சொல்லிப் புலம்பியதன் பின்னணி இதுவே. முட்டையின் விலை தீவனத்தோடு கட்டப்பட்டது. அரிசியும் போகிறது. இந்திய உணவுக் கழகத்துக்குக் கொள்முதல், கிடங்கு, போக்குவரத்து எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய் அடங்கும் அரிசியை, 2025 தொடக்கத்தில் எத்தனால் ஆலைகளுக்கு 22 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்க அரசு முடிவு செய்தது. ஒரு டன் அரிசியில் 450 லிட்டருக்குச் சற்று மேல் எத்தனால் கிடைக்கும். அப்படியாயின் ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி. ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றும் ஒருவரின் டாங்கியில் இருக்கும் எத்தனால் அரிசியிலிருந்து வந்ததாயின், ஒரு குடும்பம் ஒருநாள் உண்ணும் சோறு அதில் எரிகிறது. கரும்பென்றாலும் கணக்கு இலேசாகவில்லை: ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் என்று அதே 2021 அறிக்கை கூறுகிறது.

கிடங்குகளில் அரிசி மிதமிஞ்சிக் கிடந்தது, வைத்தால் புழுத்துப் போகும் என்பது அரசின் வாதம். ரேஷனில் இலவச அரிசி நிற்கவில்லை என்பதும் உண்மையே. பழுதான தானியத்தை எரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல அரிசியை நட்டத்துக்கு ஆலைக்குத் தருவதும், அந்த ஆலையின் எத்தனாலை வாடிக்கையாளனுக்கு முழுவிலையில் விற்பதும் ஒரே நேரத்தில் நடப்பதையே ஏற்க முடியவில்லை. வரி கட்டுபவனாக ஒருமுறையும், பெட்ரோல் வாங்குபவனாக மறுமுறையும் அதே மனிதன் செலுத்துகிறான். இஸ்ராஃப் என்னும் வீண்விரயத்தைப் பற்றித் திருமணப் பந்தியில் மட்டும் பயான் செய்வது போதாது.

இப்போது நம்மவர்களிடம் சில வார்த்தைகள். பெட்ரோல் பங்க் நடத்தும் முஸ்லிம் சகோதரர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். "எங்கள் வருமானம் ஹலாலா?" என்று அவர்களும் ஆலிம்களிடம் கேட்கிறார்கள். கலவை உங்கள் கையில் இல்லை. எண்ணெய் நிறுவனம் அனுப்புவதை விற்கிறீர்கள். விலையும் உங்கள் கையில் இல்லை. சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. குழாயருகே தெளிவான தமிழில் ஒரு பலகை வையுங்கள்: இதில் 20 சதவீதம் வரை எத்தனால் உள்ளது, 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி வைத்திருப்போர் தங்கள் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும். நிறுவனம் ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபத்தை எழுத்தில் கேளுங்கள். நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்காமல் அன்றாடம் சோதியுங்கள். முன்பு அடியில் தனியே தங்கிய நீரை இறைத்துவிடலாம், எத்தனால் கலந்தபின் அது கலவையையே கெடுக்கும்.

ஜமாஅத் நிர்வாகிகள் வட்டார நுகர்வோர் அமைப்புகளோடு சேர்ந்து மூன்றே கோரிக்கைகளை எழுதியனுப்பலாம்: குழாயில் சதவீதம் எழுதப்படவேண்டும், பழைய வண்டிகளுக்கு 10 சதவீதக் கலவை திரும்ப வேண்டும், ஆற்றல் குறைந்த அளவுக்கு விலை குறையவேண்டும். இவற்றில் பின்னிரண்டும் அரசின் சொந்த அறிக்கையில் உள்ளவை. இது முஸ்லிம்களின் தனிக் கோரிக்கையுமன்று. பக்கத்துத் தெருவில் பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் முருகனுக்கும் அந்தோணிக்கும் இது பொருந்தும். அவர்களோடு சேர்ந்து கேட்பதே முறை. ஆல்கஹால் என்ற சொல்லைக் கேட்டு நாம் மட்டும் தனியே பதறி நின்றால், நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக நேர்ந்த இழப்பு மறைந்துவிடும். "இது இவர்களின் மதப் பிரச்சினை" என்று ஒதுக்கித் தள்ளுவதும் எளிதாகிவிடும்.

ஆலிம் பெருமக்களிடம் வேண்டுவது ஒன்று. அடுத்த முறை ஓர் இளைஞர் வந்து உடையில் பட்ட பெட்ரோலைப் பற்றிக் கேட்டால், தொழலாம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உன் வண்டி எந்த ஆண்டு வாங்கியது, முன்பு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இப்போது எத்தனை ஓடுகிறது, பங்க்கில் உனக்கு எதுவும் சொன்னார்களா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஈரத் தானியத்தின் ஹதீஸை அடுத்த ஜும்ஆவில் எடுங்கள்.